ஒரு தப்புக்கு ஒரு துணி

“மைனஸ் பதினெட்டில் ஒரு ஆளுக்கு எத்தனை சட்டை வேண்டும்?” என்று என் தங்கை ஒரு முறை கடிதத்தில் கேட்டாள். பனி பெய்யும் மலையூர்ப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் முதலில் பதில் சொல்வேன். பிறகுதான் கேட்டவர் முகத்தைப் பார்ப்பேன். வாத்தியார்களுக்கு வரும் வியாதி அது. கடிதத்தில் பார்ப்பதற்கு முகமும் கிடையாது. எனவே பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன்.

தங்கையை வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். அவள் மகளுக்கு ஒன்பது வயது, அவள் பொடிசு. வாலுவின் கணவர் இறைச்சியும் மீனும் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு மேலாளர். கிடங்கு வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. வாலு எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் உறை ஒட்டுவதற்கு முன் அவர் வாங்கிப் படித்தார். நான் எழுதும் பதிலையும் அவர்தான் முதலில் பிரித்தார். அவள் கடிதத்தின் அடியில் தானும் ஓரிரு வரி சேர்ப்பார். ‘எவ்வளவு ஒட்டுதலான குடும்பம்!’ என்று நான் பூரித்துப்போனேன். நீங்கள் அப்படி நினைக்காமல் படியுங்கள். அவளும் குழந்தையும் அந்த வளாகத்தை விட்டு உயிரோடு வெளியே வருவார்களா என்பதுதான் இந்தக் கடிதங்களுக்குள் இருந்த கேள்வி. அது எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

வாலு சம்மதித்ததால் இவற்றை வெளியிடுகிறேன்.

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்?

என் போன் உடைந்துவிட்டது. இப்போதைக்கு வேறு வாங்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நல்லதுதான். உனக்குக் கடிதம் எழுதி எத்தனை காலமாயிற்று!

ஒரு சந்தோஷ சமாசாரம். டிசம்பரில் குடும்பத்தோடு பனி பார்க்கப் போகிறோம். அங்கே ஏரியே உறைந்து கிடக்குமாம், மேலே வண்டி ஓட்டுவார்களாம். “பத்து வருஷமா மெஷின் குளிர்லயே கிடக்கேன், நிஜக் குளிரை ஒரு தடவை பாக்க வேணாமா?” என்கிறார். பொடிசு இப்போதே கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு தூங்குகிறாள். கழற்றினால் அழுகை.

உடுப்பு விஷயம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மைனஸ் பதினெட்டில் ஒரு ஆளுக்கு எத்தனை சட்டை வேண்டும்? குழந்தைக்கு எத்தனை?

நேற்று பழக்கத்துக்காக எங்களைக் கிடங்கின் மூன்றாம் அறைக்குள் கூட்டிப்போனார். கதவின் உட்பக்கம் இருட்டிலும் மின்னுகிற பச்சைக் குமிழ் ஒன்று இருக்கிறது. தவறிப்போய் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதை அழுத்தித் திறந்துகொள்ளலாம். “அம்மா, இந்த ரூமுக்குன்னு தனியா ஒரு நிலா இருக்கு பாரு” என்றாள் பொடிசு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு

பி.கு. அக்கா, சௌக்கியமா? இந்த டூருக்கு நீங்கதான் எங்க டீச்சர். நல்லா பாடம் நடத்துங்க. இப்படிக்கு, உங்க மாப்பிள்ளை.

*

ஜூலை 15

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். மாடிப்படி ஏறுவதில் வலி இல்லை, இறங்குவதில்தான். மாப்பிள்ளைக்கும் பொடிசுக்கும் என் அன்பு.

எத்தனை சட்டை என்பதைவிட எந்த வரிசையில் என்பதுதான் முக்கியம். பிளாஸ்க் ஒன்றை நினைத்துக்கொள். அதில் டீயைச் சூடாக வைத்திருப்பது எது? இரண்டு சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி. உடுப்பும் அப்படித்தான். தடியாக ஒரே கோட்டு போடுவதைவிட மெல்லியதாக மூன்று போட்டால் நடுவில் காற்று தங்கும். உள்ளே உடம்போடு ஒட்டிய சட்டை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். காலுறை இரண்டு ஜோடி. விரல் தனித்தனியாக உள்ள கையுறையைவிட எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் பை மாதிரியான கையுறை நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். நீயும் நானும் ஒரே போர்வையில் சண்டை போட்டுக்கொண்டே தூங்கினோமே, அதுபோல.

காதையும் விரலையும் மறக்காதே. கஷ்டம் வந்தால் உடம்பு முதலில் கைவிடுவது கடைக்கோடியில் இருப்பவற்றைத்தான்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது.

நீ எழுதியபடியே எல்லாம் வாங்கியாகிவிட்டது. இப்போது வாராவாரம் மூன்றாம் அறையில் பழகுகிறோம். அவர் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். வீட்டில் யார் தப்பு செய்தாலும் பழகும்போது அவர்களுக்கு ஒரு துணி குறையும். ஒரு தப்புக்கு ஒரு துணி. நான் கதவைச் சத்தமாகச் சாத்தினால் கையுறை. டீ ஆறிப்போயிருந்தால் ஸ்வெட்டர். பொடிசு கணக்கில் கோட்டை விட்டால் அவள் குல்லா. ஆனால் அவள் தப்பை நான் வாங்கிக்கொள்ளலாம், அது ஒரு சலுகை. “நீயே சொல்லு, நான் யார் மேலயாவது கை வெச்சிருக்கேனா? பொம்பளை மேல கை வைக்கிறவன் காட்டான்” என்கிறார். வாஸ்தவம்தான் அக்கா. இத்தனை வருஷத்தில் ஒரு அடி அடித்ததில்லை.

போன வாரம் உறைந்துபோன ஆட்டுத் தொடை ஒன்றைத் தரையில் போட்டு இரும்புக் குழாயால் அடித்துக் காட்டினார். விறகில் விழுந்த மாதிரிச் சத்தம். இரண்டாவது அடியில் எலும்போடு இரண்டாகத் தெறித்தது. ஒரு சில்லு பொடிசின் ஜாக்கெட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. “மனுஷன் கையும் இதே சதைதான்டா கண்ணு, உறைஞ்சா இதே சத்தம்தான் வரும்” என்று அவளுக்கு விளக்கினார். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஒரு சந்தேகம். ஜாக்கெட்டும் ஸ்வெட்டரும் இல்லாமல் உள்சட்டையோடு இருக்க நேர்ந்தால் எப்படிச் சமாளிப்பது? வழியில் பெட்டி தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறேன்.

உன் வாலு

பி.கு. அக்கா, உங்க தங்கச்சிக்கு மறதி ஜாஸ்தி. இப்படிப் பழக்கினாத்தான் மண்டையில ஏறுது. நீங்களும் டீச்சர், உங்களுக்குப் புரியும்.

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. துணியெல்லாம் காய்ந்த சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், குழந்தையை அதில் சேர்க்காதீர்கள். பயந்த பிள்ளை குளிரைக் கற்றுக்கொள்ளாது, பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

பெட்டி தொலைந்தால் செய்தித்தாள் போதும். சட்டைக்குள் முன்னும் பின்னும் இரண்டு மூன்று தாள் வைத்துக்கொள். வெறும் தரையில் உட்காராதே, அட்டையோ பலகையோ போட்டுக்கொள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கைகளை அக்குளில் வை. குழந்தையை மடிக்குள் வைத்துக்கொள். இரும்பை வெறுங்கையால் தொடாதே, தோல் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உள்சட்டை நனையவே கூடாது. நனைந்த சட்டையோடு இருப்பதைவிடச் சட்டையே இல்லாமல் இருப்பது மேல். வகுப்பில் நான் இரண்டு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒன்றுக்குக் காய்ந்த காலுறையும் மற்றதுக்கு ஈரக் காலுறையும் மாட்டி ஜன்னலில் வைப்பேன். மணி அடிப்பதற்குள் ஈரக் காலுறை போட்ட பாட்டில் சில்லிட்டுப்போகும். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஐயோ’ என்பார்கள். ஈரம் அவ்வளவு பொல்லாதது.

உன் அக்கா

*

செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

நனைந்த உள்சட்டை பற்றி நீ எழுதியது முழுக்கச் சரி. ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்த்தோம். பேப்பர் வைப்பதும் சரி. கசக்கி வைத்தால் சரசரவென்று சத்தம் வராது.

பொடிசுக்கு இடது காது மடல் ஓரம் கறுத்திருக்கிறது. என்ன போடலாம்? மடிக்குள் வைத்திருந்தேன். ஒரு காது வெளியே இருந்துவிட்டது.

இப்போதெல்லாம் அந்த அறையில் நிலா இல்லை என்கிறாள்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். விரல் சரியாக மடங்கவில்லை. நீ எழுதிக்கொண்டே இரு.

வாலு

பி.கு. அக்கா, தண்ணி பாடம் பிரமாதம். எனக்கே தோணல பாருங்க. அடுத்த பாடம் எப்போ?

*

இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பாடத்தை அவர் ஒரு வாளியில் எடுத்து என் தங்கை மேல் ஊற்றியிருந்தார்.

அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் பதில் வந்தது. “போய்ப் பாத்தோம்மா. எல்லாருக்கும் டீ குடுத்தாரு. தங்கச்சி சிரிச்சிக்கிட்டேதான் இருந்தாங்க. உடம்புல ஒரு காயம் கிடையாது. டூருக்கு ரெடியாகுறாங்க, நீங்க ஏன் போட்டுக் குழப்பிக்கிறீங்க?”

நானே பஸ் ஏறிப் போனேன். வளாக வாசலில் காவலாளி கம்பிக் கதவைத் திறக்கவில்லை. “சார் சொல்லாம ஈ எறும்புகூட உள்ள போக முடியாதும்மா. என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுடாதீங்க” என்று கும்பிட்டார். மூன்று நாள் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். நான் வீடு வந்து சேர்ந்த பிறகு இந்தக் கடிதம் வந்தது.

*

அக்டோபர் 18

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நலம். உங்க நலம் தெரிஞ்சிக்க ஆசை.

வாசல் வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் டீகூடக் குடிக்காமப் போயிட்டீங்களே? நீங்க அனுப்பின போலீஸ்காரங்களாவது குடிச்சாங்க. தங்கமான மனுஷங்க.

ஆனா தப்பு தப்புதான். உங்க தப்பை வாலுவே வாங்கிக்கிட்டா. நம்ம விளையாட்டுல அந்தச் சலுகை உண்டுன்னு உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு அவகிட்ட கழட்ட வேற துணி பாக்கி இல்ல.

இனிமே அவளால எழுத முடியாது, விரல் சரியில்ல. நீங்க எழுதுங்க. நான் சத்தமா வாசிச்சுக் காட்டுறேன். பொடிசும் பக்கத்துல உக்காந்து கேப்பா. எழுதலைன்னா அதுவும் ஒரு தப்பாத்தான் சேரும்.

டிசம்பர் டூர் நிச்சயம். அந்த ஏரியில அங்கங்க ஐஸ் மெல்லிசா இருக்குமாம். வருஷா வருஷம் டூருக்கு வர்றவங்க சிலர் உள்ள போயிடுறாங்களாம். பாவம், யாரைக் குத்தம் சொல்றது?

உடம்பைப் பாத்துக்கங்க.

உங்க மாப்பிள்ளை

*

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, “இதுல மிரட்டல் எங்கம்மா இருக்கு? நலம் விசாரிச்சிருக்காரு” என்றார்.

டிசம்பருக்கு முன்னால் அவர்களை வெளியே எடுத்தாக வேண்டும். பனியில் ஒரு தாயும் பிள்ளையும் காணாமல் போனால் ஊர் உச்சுக்கொட்டும், அவ்வளவுதான். என் கையில் இருந்தது ஒரே ஒரு கருவி: அவர் சத்தமாக வாசிக்கப்போகும் கடிதம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் முரட்டுப் பையன் ஒருவன் இருப்பான். அவனிடம் “உட்காரு” என்றால் நிற்பான். “உன்னால ரொம்ப நேரம் உட்கார முடியாதுடா, விடு” என்றால் மணி அடிக்கிற வரை அசையாமல் உட்கார்ந்து காட்டுவான். முப்பது வருஷம் இதை வைத்தே வண்டி ஓட்டியிருக்கிறேன்.

*

அக்டோபர் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். அவசரப்பட்டுப் போலீஸ் வரை போனது என் புத்திக் குறைவு. வயதானால் பயம் கூடிவிடுகிறது. மன்னித்துவிடுங்கள்.

பயணத்துக்குக் குறைந்த நாட்களே இருப்பதால் கடைசிப் பாடத்தை எழுதிவிடுகிறேன். இருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து பனிமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு முன்னால் முழு ஒத்திகை ஒன்று வைப்போம். வாலுவும் பொடிசும் எல்லா உடுப்பையும் ஒன்றுவிடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். பயணப் பை முதுகில் இருக்க வேண்டும். அடையாள அட்டை, பணம், மருந்து எல்லாம் உள்பையில். அந்தப் பாரத்தோடு வெளியே ஒரு மைலாவது நடந்து பழக வேண்டும். அறைக்குள் சும்மா நிற்பது பழக்கமே அல்ல. சுமையோடு நடக்கத் தெரியாதவர்களால்தான் பனியில் மற்றவர்களுக்கும் தொல்லை.

உங்களைப் பற்றி ஒரு கவலை. சொன்னால் வருத்தப்படக் கூடாது. அங்கே ஆண்கள்தான் முதலில் சுருண்டு விழுகிறார்கள். அதிலும் குளிர்பதன வேலையில் இருப்பவர்கள். நாள் முழுக்க ஜாக்கெட்டுக்குள் இருந்தே பழகியவர்கள் அல்லவா? இவ்வளவு நாளும் வாலுவும் குழந்தையும் பழகியிருக்கிறார்கள். நீங்கள் வெளியில் நின்று கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வெறும் பனியனோடு அரை மணி நேரம் நிற்க உங்களால் முடியாது என்றே நினைக்கிறேன். வாலுவே உங்களைவிடத் தேறியிருப்பாள். அதனால் நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். ஓட்டல் அறையிலேயே கம்பளி போர்த்திக்கொண்டு இருந்துவிடுங்கள். அவர்கள் போய் ஏரியைப் பார்த்து வரட்டும்.

பொடிசுக்கு முத்தம்.

உங்கள் அக்கா

*

நவம்பர் 19

அக்காவுக்கு,

நலம்.

லெட்டரை வாசிக்கும்போது உங்க தங்கச்சி சிரிச்சா. ரொம்ப நாள் கழிச்சு அவ சிரிச்சு இப்பத்தான் பாக்குறேன். சிரிச்சதுக்கு ஒரு தப்பு.

வர்ற ஞாயித்துக்கிழமை லீவு, லோடு கிடையாது. வெறும் பனியன்ல, எல்லா ஃபேனையும் போட்டு, அரை மணி இல்ல, ஒரு மணி நேரம் நின்னு காட்டுறேன். நீங்க சொன்னபடி ரெண்டு பேரும் முழு டிரெஸ்ல வெளிய நிக்கட்டும். பாக்கட்டும். கேட்ல இருக்கிறவன்கிட்டயும் ஒத்திகைன்னு சொல்லி வெச்சிருக்கேன், நடந்து பழகட்டும். அப்புறம் உங்களுக்கு லெட்டர் போடுறேன். யாரு சுருண்டு விழுறான்னு தெரிஞ்சிடும்.

மாப்பிள்ளை

*

அந்த ஞாயிறு போனது. அதற்கடுத்த நாளும் போனது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போய் நிற்பேன். பிறகு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. “அக்கா” என்றாள் வாலு. அதற்குமேல் இருவருக்கும் அழத்தான் தெரிந்தது. எழுதினால்தான் வரும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

*

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த வார்த்தையை இந்த வருஷத்தில் முதல் முறையாக உண்மையாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வேறு யாரும் படிக்கவில்லை. இடது கையால் தாளைப் பிடித்து, வலது கையில் பேனாவைத் துணியால் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அவரே என் பையின் வாரை இறுக்கிக் கட்டினார். பொடிசின் குல்லாவை இழுத்து விட்டார். சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, “ஒரு மணி நேரம் கழிச்சுத் தட்டுவேன், திற” என்றார். உள்ளே காலை வைத்தார். எல்லா விசிறியும் இரைந்துகொண்டிருந்தன. ஓரடி போனவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ தெரியவில்லை.

“என்னடி அப்படிப் பாக்குற? நீயும் வா உள்ள. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வா.”

எட்டி என் பின்னலைப் பிடித்து இழுத்தார். நான் விழப் போனேன். முதுகிலிருந்த பை கதவில் மோதி என்னை நிறுத்தியது. நான் கதவைத் தள்ளினேன். அந்தக் கதவு ஒரு சாண் தடிமன், அக்கா. முதல் தடவை மூடவில்லை. நடுவில் அவர் கை இருந்தது. ஆட்டுத் தொடையில் கேட்ட சத்தம் இல்லை அது. பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். அப்போதும் பின்னலை விடவில்லை. கதவை இழுத்துத் திரும்ப அடித்தேன், தோளால். விரல் விரிந்தது. பின்னல் என்னிடம் வந்துவிட்டது. அவர் கையை இன்னும் வெளியே நீட்டி என் கழுத்தைத் தேடினார். மூன்றாவது தடவை என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். நீ போடச் சொன்ன உடுப்பு, பை, எல்லாவற்றின் பாரமும். அவர் கையை இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. ரப்பர் விளிம்பெல்லாம் ரத்தம்.

உள்ளிருந்து உதைத்தார். “ஏய், தொறடி! வெட்டிப் போட்டுருவேன்!” என்றார். பிறகு, “பொடிசு, அப்பாடா கண்ணு, நீ தொறம்மா” என்றார். அவள் கையுறை போட்ட இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நடந்தோம். வாசலில் காவலாளி எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “என்னம்மா, ரெண்டு பேரும் மெத்தைக் கடை மாதிரி வர்றீங்க? இந்த வெயில்ல வெந்துடப் போறீங்க!”

“ஒத்திகைண்ணே. நடந்து பழகுறோம்.”

“ஆமா, சார் சொன்னாரு. பாத்துப் போங்க” என்று கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். ரத்தம் பட்ட பின்னலைக் குல்லாவுக்குள் செருகியிருந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வேர்த்துக் கொட்டியது. யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. ஊர் தாண்டும்போது பொடிசு கேட்டாள்: “அம்மா, உள்ள நிலா இல்லையே. அப்பா எப்படி வெளிய வருவாரு?”

எனக்குத் தெரியும், அக்கா. அந்தக் குமிழை ஆகஸ்டிலேயே அவர் கழற்றிவிட்டார், நாங்கள் அழுத்தித் திறந்துவிடக் கூடாது என்று. வீட்டு அலமாரியில் சாவிக்கொத்தோடு கிடந்தது. தனக்கு அது தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் தட்டி நான் திறக்காமல் இருப்பேன் என்பது அவர் புத்திக்கு எட்டாத விஷயம். நான் தெரிந்துதான் சாத்தினேன். அது உன் கடிதத்தில் இல்லை. அது என்னுடையது.

அவள் ஜாக்கெட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு ஊர் போன பிறகு, “ஒரு தப்புக்கு ஒரு துணிதானேம்மா? அப்பாதான் எல்லாத்தையும் கழட்டிட்டாரே. ஆட்டம் முடிஞ்சிடுச்சும்மா. போதும்மா” என்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மருந்துக் கடையில் போன் கேட்டு வாங்கி, காவலாளியைக் கூப்பிட்டு மூன்றாம் அறையைத் திறக்கச் சொன்னேன். அங்கேயே என் கையைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்காரர் எங்களை இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஆள் பிழைத்துவிட்டார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சமாம். போலீஸிடம் சொல்லியிருக்கிறார்: “நான் அவ மேல கை வெச்சதே இல்லை சார்.” அதை என்னிடம் வந்து சொன்னார்கள். “இனிமே வைக்கவும் முடியாது” என்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

என் விரல்களையும் பொடிசின் காதையும் டாக்டர் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த முறை எழுதிக்கொண்டார்கள். என்னையும் விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும்.

அங்கே வரலாமா?

வாலு

*

டிசம்பர் 6

அன்புள்ள வாலுவுக்கு,

இதென்ன கேள்வி? வா. ஆஸ்பத்திரியில் விட்டதும் வா. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நானே அங்கு வந்துவிட்டாலும் ஆச்சரியப்படாதே.

அறையில் நிலா இல்லை என்று நீ எழுதியிருந்தாய். ஏதோ விளக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடந்துபோனேன். அவர் குமிழை அழுத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார், அதற்குள் நீங்கள் வாசலைத் தாண்டிவிடுவீர்கள் என்பதுதான் என் கணக்கு. குமிழ் இல்லை என்று தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா? கேள்வி வந்தால் பதில் சொல்லியே பழகியவள் நான். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. தேடவும் போவதில்லை.

பெரிய கட்டிலை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். துணி எதுவும் கொண்டுவர வேண்டாம்.

உன் அக்கா

*

வாலுவும் பொடிசும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. வாலுவுக்கு இரண்டு விரல் மடங்காது; சட்டைப் பொத்தானைப் பொடிசுதான் போட்டுவிடுகிறாள். பொடிசின் இடது காது மடலில் கடலை அளவுக்கு ஒரு துண்டு இல்லை. முடியை அந்தப் பக்கம் இழுத்து வாரிக்கொள்கிறாள்.

வந்த அன்று அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து திறந்துகொண்டு வெளியே வந்தாள். பிறகு அடுத்த அறை. பின்பக்கத்துச் சாமான் அறையிலிருந்து மட்டும் அவள் வரவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. முழங்காலை மறந்து ஓடினேன். திறந்ததும் அவள் அழவில்லை.

“பெரியம்மா, இது உள்ள இருந்து திறக்க மாட்டேங்குது” என்றாள், ஒரு தப்பைக் கண்டுபிடித்த ஆசிரியை மாதிரி.

இந்த வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறேன். எனக்குத் தெரியாது. வெளியில் நின்று திறப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. அன்று சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டு உள்பக்கம் ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னேன். “சாமான் ரூமுக்கு எதுக்கும்மா உள்ள கைப்பிடி? மூட்டை எந்திரிச்சி வரப்போகுதா?” என்று சிரித்தார். பொடிசு அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தாள். கைப்பிடிக்குப் பச்சை வண்ணமும் அவள்தான் அடித்தாள்.

இதை மூடி வைத்ததும் எழுந்துபோய், உங்கள் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் உள்ள ஒவ்வொரு அறைக்குள்ளும் நின்று, கதவைச் சாத்தி, அது உள்ளிருந்து திறக்கிறதா என்று பாருங்கள். வெளியில் ஒருவரை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.